முதல் அளவின் கொசுறு

ஒரு சிட்டிகையின் எடை எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. போன மாதம் குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் செய்வதற்காக ஜொகூர் பாருவில் பத்தர் கடைக்குப் போயிருந்தேன். வெட்கத்தை விட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து, அவருடைய தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று தடவை நிறுத்தார். மூன்று தடவையும் வேறு வேறு எடை காட்டியது. "என்னம்மா, புள்ளைக்கு உப்புலயா அரைஞாண் செய்யப் போறீங்க?" என்று பத்தர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். உப்பு வேறு, துப்பாக்கி மருந்து வேறு. என் விரலும் இப்போது எட்டு வயது விரல் அல்ல. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நிறுக்கச் சொன்னேன்.

அப்போது நாங்கள் லாபிஸ் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் உள்ளே போகவேண்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பா இல்லை. நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அம்மா பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தாள். அப்பாவின் தம்பியான சித்தப்பா, தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்துகொண்டு, துரையின் பங்களாவில் வேலை பார்த்தார்.

பங்களாவுக்குப் போவதற்கு முன் ஆறு வருஷம் பக்கத்து ஊரான பாலோவில் ஒரு மளிகைக் கடையில் தராசு பிடித்தவர் அவர். கையில் ஒரு பிடி அரிசியை அள்ளி, எடை இன்னது என்று சொல்லிவிட்டுத்தான் தட்டில் போடுவார். முள் அவர் சொன்ன இடத்தில் போய் நிற்கும். அந்தக் கைதான் அவருக்குப் பெருமை. கல்யாணப் பேச்சு வந்தால்கூட, "பொண்ணு எத்தன பவுனுன்னு தூக்கிப் பாத்தே சொல்லிடுவேன்" என்பார்.

துரைக்கு ஒரு பைத்தியம் இருந்தது. புலி, பன்றி, மான் எதுவும் அவருக்கு வேண்டாம். தூரம் வேண்டும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத காட்டு ஊரில் இருந்துகொண்டு தூரத்துக்கு ஆசைப்பட்டார். பழைய மரங்களை வெட்டிச் சாய்த்த எதிர்க் குன்றில் ஒரு இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, நடுவில் கிடந்த பள்ளத்தாக்கைத் தாண்டி இந்தக் குன்றிலிருந்து அதைச் சுடவேண்டும் என்பது அவர் ஆசை. கடையில் விற்கிற துப்பாக்கி அதற்குப் போதவில்லை. குழலைச் சீமையிலிருந்து வரவழைத்து, கட்டையைத் தாமே செதுக்கி இழைத்துப் பொருத்தினார். தோட்டாவும் கடைத் தோட்டா அல்ல. பெரிய பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை இரும்பு அச்சில் அழுத்திச் சிறிதாக்கி, உள்ளே மருந்தை நிறைத்து, ஒல்லியான நீளக் குண்டைச் செருகுவார். "லோகத்துல எந்தக் கடையிலயும் கெடைக்காத தோட்டா" என்று சித்தப்பா சொல்லும்போது, தாமே பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

துரைக்கு மலைக்காய்ச்சல் வந்து வந்து கை நடுங்கும். அதனால் மருந்து நிறுப்பது சித்தப்பாவின் வேலையானது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறு தராசு. ஒரு கூட்டுக்கு இவ்வளவு என்று துரை எழுதிவைத்த எடையை இம்மி பிசகாமல் நிறுத்துக் கூட்டில் கொட்டவேண்டும். லயத்தில் பாதிப் பேருக்கு இது புரியவில்லை. சித்தப்பா மருந்து நிறுக்கிறார் என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அத்தை, "எனக்கும் அதுல கொஞ்சம் கொண்டாங்க தம்பி, வாயுத் தொல்லை தாங்கல" என்று கேட்டாள். "தின்னா வாயு மட்டும் இல்லக்கா, நீங்களே பறந்துடுவீங்க" என்றார் சித்தப்பா.

அவரிடம் ஒரு கடைப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று என்று எண்ணமாட்டார். 'லாபம்' என்று தொடங்கி இரண்டு, மூன்று என்று போவார். அந்த முதல் அளவுக்கு விரல் நுனியால் ஒரு கொசுறு போடுவார். முதல் நாளே துரை இதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அன்று சாயங்காலம் சித்தப்பா எங்கள் வாசலில் நின்று, துரையைப்போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடித்துக் காட்டினார். "நீ கொசுறு போடாதே! நீ கொசுறு போட்டா நான் சாவும்! தெரியும்?" லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். வெள்ளைக்காரர்கள் கஞ்சர்கள் என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

அம்மா சிரிக்கவில்லை. "தலை தட்டிச் சமமா அளந்தா மொத அளவே வெளங்காதே. அதான் அந்தத் தகட்டுல ஒண்ணும் பட மாட்டேங்குது" என்றாள்.

உண்மையில் அப்போது எதுவும் படவில்லை. குண்டுகள் தகட்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பிக்கொண்டு விழுந்தன. துரை வாரத்துக்கு வாரம் மருந்தின் எடையை ஏற்றிக்கொண்டே போனார். சுட்டபின் கூடு துப்பாக்கிக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். சித்தப்பா மரச் சுத்தியலால் தட்டித்தான் திறப்பார். அது மருந்து மிஞ்சிப்போனதன் அடையாளம் என்று இப்போது தெரிகிறது. அன்று எங்களுக்கு என்ன தெரியும்?

இந்த நிலையில், துரையின் சிநேகிதர் ஒருவர் ஜொகூர் பாருவிலிருந்து வருவதாக ஏற்பாடாயிற்று. அவருக்குத் துப்பாக்கி செய்கிற கம்பெனிக்காரர்களோடு பழக்கம். அவர் கண்ணெதிரே தகட்டில் பட்டுவிட்டால் இந்தத் தோட்டா துரையின் பெயரில் சீமையில் வெளிவரும். அப்படி நடந்தால் சித்தப்பாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவருக்கு உதவியாளாக வைப்பதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தார். சித்தப்பா அந்த வாரம் முழுவதும் அதைத்தான் பேசினார். "சட்ட போட்டுக்கிட்டு ஒக்காந்து வேல பாக்கலாம் அண்ணி. வெடிக்கிற மருந்த நிறுத்த கை, இனிமே பொழைக்கிற மருந்த நிறுக்கும்."

சிநேகிதர் வரவேண்டிய சனிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் வழக்கம்போலச் சித்தப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பங்களாவின் பின்பக்க அறைக்குப் போனேன். பன்னிரண்டு கூடுகள் ஒரு துளைப் பலகையில் வாய் திறந்து நின்றன. எல்லாவற்றிலும் மருந்து கொட்டியாகிவிட்டது. குண்டு செருகுவதுதான் பாக்கி. அந்தச் சமயம் வாசலில் மோட்டார் ஹாரன் கேட்டது. எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டார்கள். "கதவச் சாத்திக்கிட்டு நில்லு பாப்பா. ஒண்ணையும் தொடாத" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே ஓடினார்.

தொடாதே என்றால் கொட்டாதே என்றுதான் நான் அர்த்தம் செய்துகொண்டேன். கொட்டுகிற பிள்ளை இல்லை நான். மருந்துத் தகரம் திறந்திருந்தது. துரைக்குப் பயந்து சித்தப்பா கொசுறை விட்டுவிட்டார், நாளைக்குச் சுடும்போதும் தகட்டில் படாது, ஆஸ்பத்திரி வேலை போய்விடும் என்று நினைத்தேன். மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்தேன். மூலையில் முதலாவதாக நின்ற கூட்டில், "லாபம்" என்று சொல்லிப் போட்டேன். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றேன். சித்தப்பா திரும்பி வந்து எல்லாவற்றிலும் குண்டைச் செருகி, ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கி முடிந்தார். அதற்குப்பின் எது முதலாவது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஞாயிறு காலை லயத்து ஜனங்கள் குன்றடியில் கூடினார்கள். துரை பாயில் குப்புறப் படுத்து, மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்தார். முதல் குண்டு மண்ணில் விழுந்தது. இரண்டாவது சுட்டதும், சற்றுப் பொறுத்து, எதிர்க் குன்றிலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் கூவினார்கள். சித்தப்பா கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். என் கொசுறுதான் வேலை செய்தது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

மூன்றாவதின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. புகை முன்பக்கம் வராமல் பின்பக்கம் வந்தது. துரை முகத்தைப் பொத்திக்கொண்டு புரண்டார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது.

அவரை மோட்டாருக்குத் தூக்கிப் போகும்போது அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "கொசுறு." சிநேகிதருக்குத் தமிழ் தெரியாது. அது என்ன என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைக் கேட்டார். கிராணி இங்கிலீஷில் விளக்கினார். பிறகு எல்லோருடைய கண்ணும் சித்தப்பாவின்மேல் திரும்பியது.

"சத்தியமா இல்லைங்க தொர. எழுதி வெச்ச எடதான் போட்டேன். என் கை தப்பாது" என்றார் சித்தப்பா.

"அப்ப தோட்டாவுக்குக் காலு மொளச்சு, தானா நடந்துபோய் மருந்து தின்னுச்சாக்கும்?" என்றார் கங்காணி. சிலர் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை. "நான்தாம்மா கொசுறு..." என்றதுமே அவள் கை என் வாயை மூடியது. அந்தக் கையில் ரப்பர்ப் பாலின் புளித்த நாற்றம். "இன்னொரு வாட்டி இத வாயில எடுத்தியோ, அவ்வளவுதான். ரெண்டு பொம்பளைங்க எங்கடி போவோம்? ஒங்க சித்தப்பா ஆம்பள. எங்க போனாலும் பொழச்சுக்குவாரு." நானும் ஒரு பிள்ளையைப் பெற்றவள் என்கிற முறையில் அம்மாவை இன்று என்னால் குறை சொல்ல முடியவில்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றும்போது என்மேலேயே எனக்குப் பயம் வருகிறது.

துரைக்கு வலது கண் போய்விட்டது. மூன்றாம் நாள் சித்தப்பாவைத் தோட்டத்தைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அன்று அவர் வேடிக்கை ஒன்றும் பேசவில்லை. என் உயரத்துக்குக் குந்திக்கொண்டு, "பாப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னைக்கு நான் முன்னால போனப்ப, அந்த ரூம்புக்குள்ள யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார்.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"யாரும் வரல சித்தப்பா" என்றேன்.

அது பொய் இல்லை. யாரும் வரவில்லை, நான் முன்பே உள்ளே இருந்தேன். பொய் சொல்லாமலே தப்பித்துவிட்டேன் என்று அப்போது எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. சித்தப்பா தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பச் சரி" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சுற்றுவட்டத் தோட்டங்களில் அவரை யாரும் சேர்க்கவில்லை. சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் துறையில் மூட்டை சுமந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். என் கல்யாணத்துக்கு வந்தபோது, பந்திக்கு அரிசி அளந்து போடச் சொல்லிப் படியை யாரோ அவரிடம் நீட்டினார்கள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்கிட்ட குடுக்காதீங்கம்மா. இது ஒரு மனுசன் கண்ண எடுத்த கை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மணமேடைக்குப் போக வேண்டிய நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த வாசலில் எட்டு வயதில் எனக்குப் புரியாதது இதுதான். நான் தப்பித்துக்கொண்டதாக நினைத்தேன். அவருக்கோ அந்த ஒரு வார்த்தையில் தீர்ப்பே எழுதிவிட்டேன். யாரும் வரவில்லை என்றால் அந்த அறையில் தப்புச் செய்திருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். கங்காணி சொன்னதை அவர் நம்பவில்லை. துரை சொன்னதையும் நம்பவில்லை. நான் சொன்னதை நம்பினார்.

இப்போது அவர் என் குழந்தையைப் பார்க்க அடுத்த மாதம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மூட்டை தூக்க முடியாத அளவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டதாம். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், எதைச் சொல்வது என்று குழம்புகிறேன். என் கொசுறு விழுந்த தோட்டா வெடித்ததா, தகட்டில் பட்டதா, பையிலேயே மிஞ்சியதா என்று எனக்கே தெரியாது. யாரும் பரீட்சித்துப் பார்க்காத தோட்டாவில் வாரத்துக்கு வாரம் மருந்தை ஏற்றினால் என்றைக்காவது வெடிக்காமல் போகுமா என்று, விஷயம் தெரிந்த ஒருவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அதைக் கேட்டு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தைச் சித்தப்பாவுக்கு யார் கொடுத்தார்கள்?

என்னோடு இருக்கும் அம்மா, "ஆறுன புண்ணக் கீறாத" என்கிறாள். அவர் மனசு ஆறியிருக்கிறதா என்று அவளுக்கும் தெரியாது.

வாசகர்களாகிய சகோதரிகளைக் கேட்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு சொன்னால் அவருக்குத் தம் கைமேல் இருந்த நம்பிக்கை திரும்புமா? அல்லது, வீடு என்று அவருக்கு மிஞ்சியிருக்கும் எங்களையும் அவரிடமிருந்து பறித்துக்கொண்டு, என் பாரத்தை மட்டும் நான் இறக்கிவைப்பதாக ஆகிவிடுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். அவர் வருவதற்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.