யாரும் கேள்வி கேட்கலாம்

டேவிட்சன் எப்படிப்பட்ட ஆள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சங்கப் பாடல்கள் நடத்தும் தற்காலிக விரிவுரையாளர். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் திருக்காட்டுப்பள்ளி அணிக்கு ஓப்பனிங் பேட்ஸ்மேன். வகுப்பில் கரும்பலகையில் ஃபீல்டிங் வரைவான். அறுத்த வயலில் ஆடும்போது பாட்டுக்கு உரை சொல்வான். அவனுக்கே குழப்பம்தான்.

"நான் வாத்தியாராடா, பேட்ஸ்மேனாடா?" என்று என்னைக் கேட்பான். எனக்கென்ன தெரியும்?

1999 ஜூனில் அவனுடைய முனைவர் பட்டத்துக்குப் பொது வாய்மொழித் தேர்வு. தலைப்பு, பழந்தமிழர் போர் அறம். பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம். கூட்டம் காட்டுவதற்காக எங்கள் அணியைக் கூட்டிப்போய் நாற்காலிகளை நிரப்பினான். நாங்கள் மிக்சருக்காகப் போனோம்.

"வந்திருப்பவர்கள் யாரும் கேள்வி கேட்கலாம்" என்றார் தேர்வாளர் ஞானாம்பாள் அம்மா. அது சும்மா ஒரு சம்பிரதாயம், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அன்று கடைசி வரிசையில் ஹாஜா மைதீன் எழுந்தான். அதிராம்பட்டினம் அணியின் கேப்டன். போன மாதம் ஃபைனலில் எங்களிடம் தோற்றவன். அவனை யார் அழைத்தார்கள்?

"சார், கடைசி ஓவர்ல கீப்பர் புடிச்சாரே, அந்தப் பந்து உங்க பேட்டுல பட்டுச்சா இல்லையா? நாளைக்கு நான் துபாய் போறேன். தெரிஞ்சிக்கிட்டுப் போயிடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் பேட் செய்யும் அணிதான் அம்பயரையும் நிறுத்தும். அன்று நின்றவன் நான். அவுட் இல்லை என்று தலையாட்டியவனும் நான். அடுத்த பந்தில் டேவிட்சன் சிக்ஸர் அடித்துக் கோப்பையை வாங்கினான்.

"இது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத..." என்று நெறியாளர் எழுந்தார்.

அம்மா கையமர்த்தினார். "தலைப்பே போர் அறம்தானே? சொல்லட்டும்."

டேவிட்சன் தண்ணீர் குடித்தான். பதில் அதற்குள் இருப்பதுபோல ஆய்வேட்டைப் புரட்டினான். வேலை போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"பட்டுச்சுங்க" என்றான். "நானே வெளியே போயிருக்கணும், போகலை. அம்பயருக்குக் கேட்டிருக்காது."

ஹாஜா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். மிக்சர்கூட எடுக்கவில்லை.

பட்டமும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. டேவிட்சன் கோப்பையோடு அதிராம்பட்டினத்துக்குப் பஸ் ஏறினான். வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. பாதி அணி வளைகுடாவில். திரும்பக் கொண்டுவந்து புத்தக அலமாரியில் வைத்தான். நான் போகும்போதெல்லாம், "இது யாரோட கப்புடா?" என்று கேட்கிறான்.

அன்று பந்து மட்டையில் பட்ட சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.