மலையெல்லாம் கார்ன்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். எங்கள் அதிகாரிக்கு ஒரே ஒரு பெருமை: இளம் வயதில் வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்தவர். தன் ஆங்கிலத்தைத் துரை பாராட்டினார் என்று வாரம் ஒருமுறையாவது சொல்வார். பாராட்டியபோது பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான் எங்கள் துரதிர்ஷ்டம்.

ஒருநாள் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. விவசாயத்துக்கு ஆலோசனை சொல்ல வந்திருந்த அமெரிக்கர் ஒருவர் எழுதியது. மலையில் எத்தனை ஏக்கரில் 'கார்ன்' பயிராகிறது என்று கேட்டிருந்தார்.

"கார்ன்னா தானியம். துரை காலத்துல வயல்ல நிக்கிற எல்லாத்துக்கும் அதான் பேரு. சாமை, கேவுரு, தினை எல்லாத்தையும் கூட்டி அடிச்சிடும்மா" என்றார் அதிகாரி.

எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூட மதிய உணவுக்காக அமெரிக்காவிலிருந்து வந்த மூட்டைகளில் அந்தச் சொல்லைப் பார்த்திருந்தேன். உள்ளே இருந்தது மக்காச்சோள மாவு.

"சார், அவங்க ஊர்ல கார்ன்னா மக்காச்சோளம் மட்டும்தாங்க."

"மூட்டையப் பாத்து இங்கிலீஷ் கத்துக்கினியா? அமெரிக்காக்காரனே அந்த பாஷைய இரவல் வாங்கினவன். அவனுக்கு இன்னா தெரியும்?"

அடித்துக் கொடுத்தேன். மலை முழுக்கக் கார்ன் விளைவதாக அறிக்கை இறங்கிப் போனது.

அறுவடை நேரத்தில் அமெரிக்கர் ஜீப்பில் ஏறி வந்தார். மரப்பெட்டியில் ஓர் இரும்பு எந்திரம். மக்காச்சோளக் கதிரை உள்ளே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் மணிகள் உதிருமாம். அதிகாரி மாலை போட்டு, பக்கத்திலிருந்த ஒரு விவசாயியின் கொல்லை நிலத்துக்கு அழைத்துப் போனார். சாமை முற்றிச் சாய்ந்து நின்றது. அமெரிக்கர் நாலாபுறமும் பார்த்தார்.

"கார்ன் எங்கே?"

"நீங்கள் அதன் நடுவில்தான் நிற்கிறீர்கள்" என்றார் அதிகாரி, தன் உயர்ந்த ஆங்கிலத்தில்.

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து அமெரிக்கர் வாய்விட்டுச் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே அதிகாரியும் சிரித்தார். விவசாயி என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, எம் பயிரைப் பாத்து எதுக்குச் சிரிக்கிறாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சாமைய சாமைன்னே எழுதியிருந்தா இந்த வம்பே இல்லியே" என்றார்.

அமெரிக்கரிடமும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. அதிகாரி அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டார். கூட்டம் கூடியபின் எந்திரத்தைச் சுற்றாமல் இருக்க முடியுமா? விவசாயியின் மனைவி ஒரு கூடைச் சாமையைக் கொட்டினார், விவசாயி சுற்றினார். மேலே போனது உமிகூட நீங்காமல் அப்படியே கீழே கொட்டியது.

"வேலை செய்யுது!" என்று அதிகாரி கைதட்டினார்.

அமெரிக்கர் கொட்டியதில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, அதன் பெயரை என்னிடம் கேட்டார். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் எனக்கு மெமோ வந்தது. என் கவனக்குறைவான டைப்பிங்கால் அலுவலகம் தன் நற்பெயரை இழக்க நேர்ந்ததாம். என் மெமோவை நானே டைப் அடிக்கக் கூடாதே என்று அதிகாரி கையாலேயே எழுதியிருந்தார். 'இழக்க' என்பதற்கான 'lose' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் 'o' கூடி 'loose' ஆகிவிட்டது. எங்கள் நற்பெயர் தொலையவில்லை, லூசாகிவிட்டது.

 அந்தச் சொல்லைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு அவர் மேசைக்குப் போனேன்.

"நீங்க சொன்னத ஒரு எழுத்து மாறாம அடிச்சேங்க சார். இதையும் எழுத்து மாறாம மேலே அனுப்பட்டுங்களா?"

அவர் மெமோவை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அது வெளியே வரவில்லை. துரையின் பாராட்டும் சில மாதங்களுக்கு ஓய்வெடுத்தது.

மழைக்காலத்தில் அமெரிக்கரிடமிருந்து மறுபடி கடிதம். 'சாமை' என்று ஆங்கில எழுத்தில் எழுதி, கொஞ்சம் விதை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"ஏம்மா, இது நம்ம சாமைதானா, இல்ல அவங்க ஊர்ல இதுக்கு வேற ஏதாச்சும் அர்த்தமா?"