எடை கூடாத ஐந்து பிள்ளைகள்

எண்பதுகளின் நடுவில், இரத்தோட்டைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெலிந்த குழந்தைகளுக்குச் சத்துக்கஞ்சி கொடுக்கும் திட்டம் வந்தபோது அதுவும் என் தலையில் விழுந்தது. அரிசிமா, பயற்றமா, பால்மா, சீனி போட்டுக் காய்ச்சி, இறக்கும்போது தேங்காய் எண்ணெய் விட்டுக் கிளற வேண்டும். கரண்டியைச் சரித்தால் கஞ்சி வழிந்தோடக்கூடாது. அதைக் கொஞ்சங் கொஞ்சமாக நாளைக்கு ஐந்து தடவை ஊட்ட வேண்டும்.

மாதம் ஒருமுறை பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை எழுதுவேன். அட்டையிலிருந்த கோட்டைத் தாண்டினால் குழந்தை தேறிவிட்டது. தேறிய குழந்தைக்குக் கஞ்சி இல்லை.

முதலில் தேறியவள் இரண்டு வயதுச் சிறுமி. வந்தபோது அழக்கூடத் தெம்பில்லாமல் மடியில் கிடந்தாள். மூன்றாம் மாதம் என் முந்தானையை இழுத்துக் கஞ்சிக் கோப்பையைக் காட்டினாள். சட்டப்படி அவள் பெயரை வெட்டினேன். மற்றவர்கள் சாப்பிட, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும் இரண்டே மாதத்தில் அவளைத் திரும்பவும் கஞ்சிக்குத் தகுதியாக்கின.

மறுபடி அவள் கோட்டை நெருங்கியபோது, அவள் அம்மா கொழுந்துக் கூடையோடு வந்து நின்றாள்.

"அக்கா, இந்த மாசம் கொஞ்சம் கொறைச்சு எழுதிக்கங்களேன். புள்ள தேறிருச்சுன்னா மறுபடி பட்டினிதாங்க."

பொய் எழுத முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்று பின்னேரமே அரைக் கிலோ குறைத்து எழுதினேன். பிறகு இன்னும் நாலு பிள்ளைகளுக்கும் அப்படியே.

சில மாதம் கழித்து மாத்தளையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டினார். ஐந்து பிள்ளைகளுக்கு எடை ஏறவேயில்லை. அந்தச் சிறுமி கொழுகொழுவென்று என் இடுப்பில்தான் இருந்தாள். அவர் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எண்ணெயும் சீனியும் என் வீட்டுக்குப் போகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். உண்மையைச் சொன்னால் ஐந்து பேருக்கும் கஞ்சி போய்விடும். பேசாமல் நின்றேன். அவர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

வேறு ஆள் கிடைக்காததால் என்னை நிறுத்தவில்லை. நான் திருடியது போக மிச்சமாவது பிள்ளைகளுக்குச் சேரட்டும் என்று, எண்ணெயையும் சீனியையும் கூட்டி அனுப்பச் சொன்னார். அதன்பிறகு மாதாமாதம் எடையை, கோட்டைத் தொடாதபடி, கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றி எழுதினேன். தன் கண்டிப்புக்குப் பலன் கிடைத்ததென்று அவருக்கு மகிழ்ச்சி.

செய்தி பரவி, தொழிலாளர் குடியிருந்த லயங்களில் நான் கஞ்சிக் கள்ளி ஆனேன். அந்தத் தாய்க்குப் பொறுக்கவில்லை.

"நான் உண்மையச் சொல்லிறவாக்கா?"

"அஞ்சு புள்ளைகளும் ஸ்கூலுக்குப் போகட்டும். அப்புறம் சொல்லு."

ஐந்து பேரில் கடைசியாக அந்தச் சிறுமி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கிழமையே அவள் அம்மா எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. களவில் அவளுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.