பாலாற்றங்கரையில் கடைசி ஆளாக

அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மற்ற ஆறு நாளும் விடியுமுன் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்குத் திரும்புவேன். ரயிலில் பேச ஆள் உண்டு. ஞாயிறன்று யாரிடமும் வாய் திறக்காமலே பொழுது போய்விடும். ஒரு நாள் சாயங்காலம் கடையில் பால் கேட்டேன். குரல் கரகரத்தது. அன்று நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கூட வேலை செய்த ஒருவர் ஊர் மாறிப் போனபோது தன் சைக்கிளை எனக்கு விட்டுப் போனார். டயர் அகலம், தார் ரோட்டிலும் ஓடும், மண்ணிலும் சரளையிலும் ஓடும். கிராவல் பைக் என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும், சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு, பேத்தமங்கலம் ஏரியைத் தாண்டி, பாலாற்றுப் பக்கம் இறங்க ஆரம்பித்தேன். பல மாதங்களில் ஆற்றில் மணலும் நாணலும்தான் இருக்கும். கரையோரமாக வண்டித் தடம் போகும். ராகிக் கொல்லைகள், தக்காளித் தோட்டங்கள், மதில் சரிந்த பழைய கோட்டை ஊர்கள். சில ஊர்களின் எல்லையில் சண்டையில் செத்த யாருக்கோ வைத்த வீரக்கல் நிற்கும். பேத்தமங்கலத்தில் தொடங்கி அங்கேயே திரும்ப அறுபது கிலோமீட்டர் சுற்று. போகிற வழியை என் போனில் ஒரு சைக்கிள் ஆப் பதிவு செய்து மற்றவர்களுக்கும் காட்டும். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் பெங்களூரில் ஒரு சைக்கிள் குழுவினர் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணா, உங்க ரூட்ல நாப்பது பேரைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம். மார்க் பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார் ஏற்பாட்டாளர்.

இரண்டு ஞாயிறு செலவழித்து, வழி பிரியும் இடமெல்லாம் மஞ்சள் ரிப்பன் கட்டினேன். முடிந்ததும் நானே கழற்றிவிடுவதாக ஊர்க்காரர்களிடம் சொல்லி வைத்தேன். அவர்கள் வந்த அன்று ஏற்பாட்டாளர் எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். ஸ்வீப். எல்லோருக்கும் கடைசியில் வருகிற ஆளுக்கும் பின்னால் நான் போக வேண்டும். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

பத்தாவது கிலோமீட்டருக்குள்ளேயே முப்பத்தொன்பது பேர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. கனமான சைக்கிள். மேடு வந்தால் இறங்கித் தள்ளினார். நானும் இறங்கித் தள்ளினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நின்று திரும்பினார். "பின்னாடியே ஒருத்தர் வந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க. நீங்க முன்னாடி போயிடுங்களேன்."

"போகக் கூடாதுங்க. கடைசி ஆளு நான்தான்."

"பக்கத்துல வரலாமில்ல?"

வரலாம். அதற்கு ஏற்பாட்டாளர் தடை ஒன்றும் சொல்லவில்லை. வண்டித் தடத்தில் ஆளுக்கொரு சக்கரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, நடுவில் புல்லை விட்டு, பக்கம் பக்கமாகப் போனோம். அவருக்கு ஓசூர்ப் பக்கம். பெங்களூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. மருத்துவர் நடக்கச் சொன்னாராம். நடக்கப் பிடிக்காமல் சைக்கிள் வாங்கினாராம். என்னைப் பற்றிக் கேட்டார். நான் எதற்காக அந்தத் தடத்துக்கு வர ஆரம்பித்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன். பால் கேட்டபோது குரல் கரகரத்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் லீவு நாள்ல அப்படி ஆகும்" என்றார்.

பாதி வழியில் ஒரு ஊர். வீரக்கல்லுக்கு எதிரே நீலத் தகரம் போட்ட பால் சொசைட்டி. அங்கே பால் அளக்கிற அம்மா எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"சொரங்கத்து கேம்ப்புல இருந்தா வர்றீங்க? எங்க அம்மா வூடு மாரிகுப்பம்தான். இங்க கட்டிக் குடுத்துட்டாங்க. தமிழ்ல பேசி எத்தினி நாளாச்சு." பிறகு என்னுடன் வந்தவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உங்க வூட்டுக்காரம்மாவா? இன்னாங்க இது, மூஞ்செல்லாம் செவந்து போச்சு பாருங்க. ரெண்டு பேரும் உள்ள வந்து குந்துங்க."

கூட வந்தவர் மறுத்துச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. மோர் வந்தது. இருவரும் குடித்தோம். அந்த அம்மா மாரிகுப்பத்துச் செய்திகளை விசாரித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிளம்பி ஒரு கிலோமீட்டர் மிதித்தோம். பிறகு அவர், "மோர் நல்லா இருந்துச்சு" என்றார். "ஆமாங்க" என்றேன்.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் அவருடைய முட்டி பிடித்துக்கொண்டது. ஆற்றைக் கடக்கும் தரைப்பாலத்தில் உட்கார்ந்துவிட்டார். போன் செய்ததும் குழுவின் வேன் வந்தது. டிரைவர் அவருடைய சைக்கிளை மேலே கட்டினார்.

"நீங்க இல்லன்னா பத்தாவது கிலோமீட்டர்லயே திரும்பியிருப்பேன்" என்றார் அவர். நான் தலையாட்டினேன்.

"நீங்களும் ஏறுங்க சார், இடம் இருக்கு" என்றார் டிரைவர்.

கடைசி ஆள் கடைசி வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அதுவரை பேசியதெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசியது. வேனுக்குள் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து என்ன பேசுவதென்று எனக்குப் பயமாக இருந்தது.

வேன் போனபின் இருபத்திரண்டு கிலோமீட்டர். எத்தனையோ தடவை தனியாகப் போன வழிதான். ஆனால் அன்று நான் என் சக்கரக் கோட்டிலேயே போனேன். அடுத்த கோட்டுக்கு மாறவில்லை. பேத்தமங்கலத்தில் காலையில் கிளம்பிய மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே பேனரும் இல்லை, மேஜையும் இல்லை. காகிதத் தட்டுகளை நாய் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. போனைப் பார்த்தேன். எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள், நன்றி என்று ஒரு செய்தி. கூடவே எல்லோரும் நிற்கும் படம். ஒரு ஓரத்தில் அவர் ஒரு காலை ஊன்றாமல் நின்றிருந்தார்.

ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டேன். "ஐயோ அண்ணா, டிரைவர் ஒண்ணும் சொல்லலை, நீங்க வேன்ல ஏறிட்டீங்கன்னு நினைச்சோம்" என்றார். மெய்யாகவே வருத்தப்பட்டார். பரவாயில்லை என்று சொல்லி, ஊரிகத்துக்கு மிதித்தேன்.

அடுத்த ஞாயிறு ரிப்பன்களைக் கழற்றப் போனேன். பால் சொசைட்டி அம்மா கேட்டார்: "இன்னாங்க, அவங்க வரலையா?"

"முட்டி வலி. வீட்ல இருக்காங்க."

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த அம்மா விசாரிப்பார். நானும் சொல்வேன். இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏற முடிகிறது என்றேன். எங்கள் லைன் வீட்டில் மாடியே கிடையாது. இன்னொரு நாள், அவங்க உங்க மோரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றேன். அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காக அந்த வாரம் முழுவதும் நகர்ந்தது போலத் தோன்றும். திரும்பி வரும் வழியில்தான் வெட்கமாக இருக்கும்.

இப்படி ஏழெட்டு மாதம். ஒரு ஞாயிறு அந்த அம்மா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய்.

"தடவிகினு வெந்நி ஊத்தச் சொல்லுங்க. அடுத்த வாட்டி கட்டாயம் கூட்டினு வாங்க. சைக்கிள் வாணாம், ஆட்டோவுலயாச்சும் வரச் சொல்லுங்க. நான் சமைச்சி வெக்கிறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிங்கம்மா" என்று பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதை என் முட்டியிலேயே தடவிக்கொண்டேன். எனக்கு வலி ஒன்றும் இல்லை. வீடு முழுக்க நொச்சி வாசனை. அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கம் போக என்னால் முடியவில்லை.

அடுத்த வருஷமும் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த முறை ஆற்றுக்கு அந்தக் கரையில் வழி போட்டுக் கொடுத்தேன்.

"அந்த வீரக்கல் ஊர் வழி நல்லாத்தானே இருந்துச்சுண்ணா?" என்றார் ஏற்பாட்டாளர்.

"ரோடு சரியில்லைங்க" என்றேன்.

"அப்ப ஸ்வீப்புக்கு வேற ஆளைப் பாக்கட்டுமா? போன தடவை உங்களை விட்டுட்டுப் போயிட்டோம்."

"வேணாம். நானே வர்றேன்."

வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலை அன்று சாயங்காலமே அனுப்பியிருந்தார். திறந்து மேலிருந்து கீழே தேடினேன். பாதிக்கு வந்த பிறகுதான், போன வருஷம் என்னோடு வந்த அந்தப் பெண்மணியின் பெயரை நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. பெண்களின் பெயர்கள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.