பதினேழின் வால்முடி

டொகாச்சிச் சமவெளியின் குளிரில் பேசும் வார்த்தையே உறைந்துபோகும். வசந்தத்தில் அது உருகிய பிறகுதான் யார் யாரைத் திட்டினார்கள் என்பதே தெரியவரும். அந்த ஊரின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மங்கோலியாவிலிருந்து படிக்க வந்தவள் சாருல். மேய்ச்சல்காரர் மகள். நடை பழகும் முன்பே குதிரை ஏறியவள் என்பார்கள். பாதியாவது உண்மையாக இருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் அவள் பொறுப்பில் ஒரு கிழட்டுப் பெண்குதிரை இருந்தது. நுரையீரல் கெட்டு மூச்சுக்கு அல்லாடியது. பெயர் கிடையாது, பதினேழு என்ற எண்தான். அதை ஊசி போட்டு உறங்கவைத்து, நுரையீரலை அறுத்துப் பார்த்துத்தான் அவள் ஆய்வேட்டை எழுத வேண்டும். இல்லையென்றால் பட்டம் கிடையாது. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அறுக்க அவள் அஞ்சவில்லை. ஆனால் அவள் ஊரில் நல்ல குதிரை செத்தால், யார் காலும் படாதபடி மண்டையோட்டைக் குன்றின் உச்சியில் வைப்பார்கள். இங்கே எல்லாவற்றையும் எரித்துவிடுவது விதி. தலையை மட்டுமாவது தரும்படி பேராசிரியர் குவபாராவிடம் கேட்டாள். அவர் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, வெகுநேரம் கழித்து, "யோசிச்சுப் பாக்கறேன்" என்றார்.

அதை நம்பித்தான், குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, ஊசியைத் தன் கையாலேயே போட்டாள். நுரையீரலையும் அறுத்தெடுத்தாள். மறுநாள் அருகிலிருந்த குன்றேறி, தலையை வைக்கக் கல்லும் அடுக்கிவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த நாள் எரியுலை புகைந்தது.

"யோசிக்கறேன்னா இங்க முடியாதுன்னு அர்த்தம்டி. நீ கல்லு வேற அடுக்கினியா?" என்றாள் மூத்த மாணவி மியோகோ.

"எங்க ஊர்ல யோசிக்கறேன்னா யோசிப்பாங்க."

அதன்பின் சாருல் ஆய்வுக்கூடத்துப் பக்கமே போகவில்லை. பெட்டி கட்டத் தொடங்கினாள். மியோகோ விடுதிக்கே வந்து நின்றாள்.

"போறதுன்னா போ. பதினேழுக்கு ஒரு பூ வெச்சுட்டுப் போ."

ஆய்வில் உயிர்விட்ட விலங்குகளுக்கு ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தும் நாள் அது. கறுப்பு உடுத்து எல்லோரும் நினைவுக்கல்லின் முன் வரிசையாய்ச் சாமந்தி வைத்தார்கள். சாருல் பூ வாங்கவில்லை. பால் வாங்கி வந்திருந்தாள். தூரப் பயணம் போகிறவர்களுக்கு அவள் அம்மா செய்வதுபோல் உள்ளங்கையில் ஊற்றி வானத்தை நோக்கித் தெளித்தாள். டொகாச்சிக் காற்று சும்மா விடுமா? அத்தனையும் குவபாராவின் கறுப்புக் கோட்டில் போய் விழுந்தது.

அவர் துடைத்துக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து வெள்ளைத்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து இரு கைகளாலும் நீட்டினார். உள்ளே, நூலால் கட்டிய குதிரையின் வால்முடி.

"தலைக்காக எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். யாரும் ஒத்துக்கல. யோசிச்சேன். இவ்வளவுதான் முடிஞ்சுது."

மறுநாள் குன்றின் கற்களுக்கு நடுவே குச்சி நட்டு, அந்த முடியைக் கட்டினாள் சாருல். திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தாள்.

இப்போது சொந்த ஊரில் குதிரை வைத்தியம் பார்க்கிறாள். யாராவது எதையாவது கேட்டு, அவள் "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், அதை யோசித்து முடிக்கிறவரை சோறு தண்ணீர் இறங்காதாம்.