அரைஞாணில் ஒரு தகரம்

விஷ்ணுப்பிரியா கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு தேயிலை ஸ்டோரில் கிளார்க். சத்தம் போட்டுக் கதைக்கமாட்டாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் யாருக்காவது எழும்பிக் கொடுத்துவிட்டு நிற்பாள். எனக்கு எரிச்சல் வருகிற குணம் எல்லாம் அவளிடம் இருக்கு. இருந்தும் சனிக்கிழமைகளில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் நான் இருந்தனான்.

வெள்ளைக்காரர் காலத்துச் சரித்திரத்தைப் பொருட்களை வைத்துப் படிக்கிற டிப்ளோமா வகுப்பு அது. புத்தகத்தில் துரைமாரின் பெயர்தான் கிடக்கும், மற்ற ஆட்களைத் தேடுவதென்றால் சட்டி பானையைத்தான் கேட்கவேணும் என்று படிப்பிக்கிற ஸீனத் மிஸ் சொல்லுவா. நான் பென்ஷன் எடுத்த பிறகு, வெள்ளவத்தை வீட்டில் மனுசனோடு கொழுவாமல் இருக்கச் சேர்ந்தனான். விஷ்ணுப்பிரியா உண்மையாகவே படிக்க வந்தவள்.

டிப்ளோமா முடிகிற நேரம், வீட்டிலிருந்து அந்தக் காலத்துப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதைப் பற்றி எழுதச் சொன்னா மிஸ். எழுதாவிட்டால் பாஸ் இல்லை. நான் மாமியாரின் பாக்குவெட்டியைக் கொண்டு போனேன். இங்கிலாந்து இரும்பு. அதைக் காட்டி மாமி என்னை வெருட்டினதையும் எழுதலாமோ என்று கேட்டேன், ஓம் என்றா. எங்களோடு படிக்கிற ராசிக் ஒரு சுவர் மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது ஓடாது. விஷ்ணுப்பிரியா மட்டும் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பம், வரும்போது கையில் எடுத்துவர என்ன இருந்தது என்று என்னிடம் மெல்லமாகக் கேட்டாள்.

அடுத்த கிழமை மிஸ் திரையில் ஒரு படம் போட்டா. ஓட்டை போட்ட வட்டத் தகரம், அதில் இங்கிலீஷ் எழுத்தும் இலக்கமும் அடித்திருந்தது. விஷ்ணுப்பிரியாவின் பேனை அப்படியே நின்றுவிட்டது.

அவர்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்குமாம். அவளின் பூட்டன் இருளப்பன் இந்தியாவில் கப்பல் ஏறும்போது, மண்டபம் முகாமில் ஒரு சாமியார் கழுத்தில் கட்டிவிட்ட தாயத்து என்று குடும்பமே நம்பியிருந்தது. பிறக்கிற பிள்ளை எல்லாத்துக்கும் அரைஞாணில் அதைக் கோர்த்துக் கட்டுவார்கள், நடக்கத் தொடங்கினதும் கழற்றுவார்கள். எழுத்தும் இலக்கமும் மந்திரமாம். இங்கிலீஷில் மந்திரம் அடிக்கிற சாமியார் எந்த ஊர்ச் சாமியார் என்று இத்தனை காலமும் ஒருவரும் கேட்கவில்லை.

அவள் அதைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தாள். மிஸ் கையுறை போட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டா. தோட்டத்துக்கு ஏற்றின ஆட்களின் கழுத்தில் தொங்கவிட்ட அடையாளத் தகரம்தான் இது, எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று பார்த்து அனுப்ப, என்றா. இனி இது உடம்பில் படக்கூடாது, வியர்வை பட்டால் இலக்கம் அழிந்துபோகும் என்றும் சொன்னா.

அவளின் தம்பிக்குப் பிறந்த ஆண்பிள்ளைக்கு அந்த ஞாயிறுதான் தீட்டுக் கழித்து அரைஞாண் கட்டுகிற நாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மாட்டுக்குக் குறி சுட்டது போல மனுசருக்குப் போட்டதை, கொண்டுபோய்ப் பச்சைப்பிள்ளைக்குக் கட்டுவதோ? அம்மாவிடம் உண்மையைச் சொல்லு, கட்டவிடாதே என்றேன். அவள் பயந்தாள். சண்டை வந்தால் துணைக்கு இருக்கட்டும் என்று நானும் கொட்டாஞ்சேனையில் அவளின் வீட்டுக்குப் போனனான்.

சின்ன வீடு, நிறைய ஆட்கள். அவளின் அம்மா எனக்குக் கதிரை துடைத்துப் போட்டா. சுவரில் அண்ணன் பழனியின் படம். யுத்தம் முடிகிறதுக்கு முந்தின வருசம், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனவர்கள். அதோடு சரி. படத்துக்கு அம்மா இன்னும் மாலை போடவில்லை.

குசினிக்குள் வைத்துத் தகரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விஷ்ணுப்பிரியா சொன்னாள். சாமியார் இல்லை, துரை. தாயத்து இல்லை, அடையாளத் தகரம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். அம்மா கையிலிருந்த கறுப்புக் கயிற்றை விடவில்லை. அழுவாவோ, ஏசுவாவோ என்று நான் கதவடியில் நின்று பார்த்தேன்.

"நம்பர் எதுக்கு அடிச்சானுங்க?"

"எந்தத் தோட்டத்து ஆளுன்னு தெரியத்தாம்மா. வழி தவறிப் போனா கண்டுபிடிக்க."

"அப்ப பூட்டன எங்க கொண்டு போனாங்கன்னு இதுல இருக்கு."

"ஆமாம்மா."

அம்மா தகரத்தின் இலக்கத்தை விரலால் தடவினா.

"என் புள்ளய எங்க கொண்டு போனாங்கன்னு ஒரு தகரத்துலயும் இல்லயே."

என் வாய் நீளமென்று வெள்ளவத்தையில் தெரியாத ஆள் இல்லை. கட்டவிடாதே என்று சொன்னதும் அதே வாய்தான். உள்ளே போய் அடுப்பைக் குறைத்துவிட்டேன். பழனிக்கும் அம்மா இதைக் கட்டினவவாம், நடக்கத் தொடங்கினதும் கழற்றினவவாம். கழற்றினதுதான் பிழை என்று சொல்லிக்கொண்டே கயிற்றையும் தகரத்தையும் மகளின் கையில் வைத்தா. நீயே கட்டு என்றா.

விஷ்ணுப்பிரியாதான் கட்டினாள். முதல் முடிச்சு ஒழுங்காக விழவில்லை, திரும்பவும் கட்டினாள். பிள்ளை முழுநேரமும் நித்திரை.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் பொருளுக்குப் பக்கத்தில் விவர அட்டை வைத்தோம். அவளின் மேசையில் ஒரு போட்டோவும் அட்டையும் மட்டும்தான். பொருளின் தற்போதைய நிலை என்ற இடத்தில் ராசிக் 'ஓடாது' என்று எழுதியிருந்தார். நான் 'துரு' என்று எழுதியிருந்தேன். அவள் எழுதியிருந்தது இதுதான்: 'பயன்பாட்டில் உள்ளது. பிள்ளை நடந்த பிறகும் கழற்றப்படாது.'