இறக்கத்தில் இறுகிய இஞ்சின்

எனக்கு பஸ் ஏறினாலும் பயம், பஸ் வராவிட்டாலும் பயம். ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படிக்க வேண்டிய நேரத்தையெல்லாம் கவலைப்படுவதற்கே செலவு செய்திருக்கிறேன். ஏழு வயதிலேயே அதில் கைதேர்ந்துவிட்டேன் என்பதற்கு மாமாவின் மோட்டார் சைக்கிள்தான் சாட்சி.

ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பேச்சில் முறைத்துக்கொண்ட அம்மாவின் ஒரே அண்ணன், ரெண்டு வருசமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அன்று வந்தார். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணனுக்கு வெறும் பருப்பா வைக்கிறது? ரத்தோட்டைக்குப் போயி கோழி வாங்கிட்டு வாங்க" என்று அப்பாவை விரட்டினார். மாமா பெரிய மனசு பண்ணித் தன் பைக்கைக் கொடுத்தார்.

"பூப்போல வச்சிருக்கேன் மாப்புள. பாத்து."

நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். இறக்கம் தொடங்கியதும் "மெதுவாப்பா, மெதுவாப்பா" என்று ஆரம்பித்தவள், கடைசிவரை நிறுத்தவில்லை. அப்பா கியரைக் குறைத்தார். எக்சலேட்டரை முழுக்க மூடினார். வளைவுக்கு வளைவு இஞ்சின் மட்டும் ஊளையிட்டது. டவுன் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் பின்சக்கரம் கிறீச்சென்று இழுபட்டு வண்டி நின்றது. அப்பா உதைத்துப் பார்த்தார். கிக்கர் கல்லாக இறுகிக் கிடந்தது.

அண்ணன் என்ற அர்த்தத்தில் ஊரே 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். அவர் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினார். டொக்கென்று இளகியது. கவலை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் கிக்கரை மிதித்தால், வெறும் காற்றை மிதித்ததுபோலக் கீழே போனது.

"மகள், இங்க வாங்க. இந்த ஓட்டையப் பெருவிரலால பொத்துங்க."

விரலை உறிஞ்சிக்கொள்ளுமோ என்ற பயத்தோடு பொத்தினேன். அவர் மிதித்தார். யாரோ லேசாக ஊதியதுபோல இருந்தது.

"மூச்சே இல்ல. கம்ப்ரெஷன் போய்த்து."

பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் ஒரு பக்கம் உரசித் தேய்ந்து, அதன் ரிங் பள்ளத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"இது பெட்ரோலோட ஆயிலும் சேந்து போற வண்டி. இந்த இறக்கமெல்லாம் எக்சலேட்டர மூடிட்டு லோ கியர்ல வந்தா, ஆயில் எப்படிப் போகும்? ஏன் தம்பி அப்படி வந்தீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். "பெட்ரோல் மிச்சம் புடிக்கத்தான் நானா."

"நல்லா மிச்சம் புடிச்சீங்க!"

கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் அப்பா இவ்வளவு கஞ்சனா?

பிஸ்டனையும் சிலிண்டரையும் பதமாகத் தேய்த்து வழித்து, புது ரிங் போட்டு மூடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மாமா கோபித்துக்கொண்டு போவதையும், அம்மா அடுப்படியில் அழுவதையும் அதற்குள் நான் பலமுறை மனதில் பார்த்து முடித்திருந்தேன். மறுபடி விரலை வைக்கச் சொன்னார். மிதித்தார். புஸ்ஸென்று என் விரலைத் தூக்கி எறிந்தது. அலறிக்கொண்டே சிரித்தேன்.

"மூச்சு வந்துட்டு மகள்!"

கோழியையும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது லயத்து வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். அப்பா நடந்ததைச் சொன்னார். பெட்ரோல் மிச்சம் பிடித்த கதையையும் சொன்னார். அம்மா கோழியைக் கையில் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றார். மாமா கிக்கரை மிதித்தார். அது காலை மேலே தள்ளியது.

"அட! முந்தி இந்த ஒதை ஒதைக்காதே!" இன்னொரு முறை மிதித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "சொல்லியிருந்தா நானே பெட்ரோல் ஊத்திக் குடுத்திருப்பேனே, கஞ்ச மாப்புள!"

முதலில் சிரித்தது அம்மாதான். கோழி வெந்து முடிய விளக்கு வைத்து வெகு நேரமாகிவிட்டது. மாமா இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். வரும்போதெல்லாம் "கஞ்ச மாப்புள இருக்காரா?" என்று வாசலிலேயே கேட்பார். அப்பா சிரித்துக்கொள்வார். நானும் மாமாவோடு சேர்ந்துகொண்டு சிரிப்பேன்.

அடுத்த தடவை மாமா பைக்கைக் கொடுத்தபோது அதே இறக்கம் வந்தது. "மெதுவாப்பா" என்றேன். அப்பா எக்சலேட்டரைக் கொஞ்சம் திருகினார்.

"கண்ண மூடிக்க பாப்பா. அப்பா இருக்கேன்ல."

பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஆசை அப்பாவுக்கு விட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டேன்.